கேட்காமல் விட்ட கேள்வி

"சர்க்கரை வந்த பிறகு, வீட்டுக்காரம்மாவோட நெருக்கமெல்லாம் எப்படி இருக்குங்க?"

செமிசி தான் உட்கார்ந்திருந்த கோரைப்பாயின் ஓரத்தைச் சுரண்டினார். நர்ஸ் லவீனியா ரெக்கார்டரை அவர் பக்கம் நகர்த்தினாள். இந்த மாதிரி கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று ஆய்வுப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

"ஒரு வருஷமா ஒண்ணுமில்ல நர்சம்மா. அவ தூங்குற மாதிரி நடிக்கிறா. நான் குறட்டை விடுற மாதிரி நடிக்கிறேன்."

"அப்ப மனசுல என்ன ஓடும்?"

"சிரிப்புத்தான். ரெண்டு பேருக்கும் நடிக்கத் தெரியல."

இருவரும் சிரித்துவிட்டார்கள். அதன்பின் மனிதர் ஒளிவுமறைவில்லாமல் எல்லாவற்றையும் கொட்டினார்.

"மனசு லேசாச்சும்மா. நல்லவேளை, என் தங்கச்சிங்க யாரும் பக்கத்துல இல்ல. அண்ணன் தங்கச்சிக்கு நடுவுல இந்தப் பேச்சே ஆகாதுங்கிறது நம்ம வழக்கம். அவங்க காதுல விழுந்தா நான் செத்தேன்!"

"இதுக்கு மருந்து இருக்குங்க. நாளைக்கே டாக்டரைப் பாருங்க" என்று ரெக்கார்டரை அணைத்தாள் லவீனியா.

செமிசி அவளுக்கு மீனும் கிழங்கும் கட்டிக் கொடுத்தார். "ஆமா, நீ யாரு மக?"

பசிபிக் தீவு நாடான டோங்காவில் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்கிற கேள்வி. பேட்டியில் பேர், ஊர் பேசக் கூடாது என்ற ஆய்வு விதியால் கடைசிக்குப் போயிருந்தது.

"ஹாபாய் தீவு சலோதே மகங்க. வளர்ந்தது நியூசிலாந்துல."

"சலோதேயா? எங்கம்மாவோட கூடப்பிறந்தவளாச்சே!"

லவீனியா பொட்டலத்தைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். செமிசி பாயை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டார்.

"அழிச்சிடு தங்கச்சி!"

"அழிச்சிடறேண்ணே!" தெருவிலிருந்து குரல் வந்தது. "டாக்டரை மட்டும் பாத்துடுங்க. எதுக்குன்னு எனக்குத் தெரியாது!"