சீசருக்குக் கரண்ட்

அடையாற்று நாய் ஆஸ்பத்திரியில் மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டான். சீசருக்கு மூளையில் கட்டி. கதிர்வீச்சு, அதாவது கரண்ட், வைத்தால் பிழைக்கலாம் என்று டாக்டர் படிவத்தை நீட்டியிருந்தார்.

"பன்னெண்டு வயசாவுது, தாங்குமாம்மா?"

மீன் கூடையோடு வந்திருந்த அவன் அம்மா பச்சையம்மா முறைத்தாள்.

"வயசைப் பாத்தா வைத்தியம் பண்ணுவாங்க? தாங்கும். கட்டி கீற எடத்துல முடி கொட்டும், அவ்ளோதான்."

"உனக்கு இன்னா தெரியும்? டாக்டர் கணக்கா பேசற!"

வீட்டில்கூட அவிழ்க்காத தலைத்துண்டைப் பச்சையம்மா அவிழ்த்தாள். காதுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு மொட்டை.

"போன வருசம் எனக்கும் இதே கட்டிதான். 'இந்த வயசுல கரண்டு இன்னாத்துக்கு, வூட்லயே கெட'ன்னு சொன்னவன்தானடா நீ? காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போறேன்னு சொல்லிட்டு, முப்பது நாள் ஒண்டியா போய் வச்சிக்கினு வந்தேன்."

அவன் கையிலிருந்த படிவத்தைத் திருப்பிப் பார்த்தான்.

"நீ இன்னாடான்னா, அம்மனுக்குக் கூழ் ஊத்துனதுல எனக்கு சரியாப் பூட்ச்சின்னு குப்பமெல்லாம் சொல்லிக்கினு திரியறே."

துண்டைச் சுருட்டித் தலையில் வைத்து, கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

"சீசருக்காவது கையெழுத்துப் போட ஆளு கீது. போடு."