செயலாளர் முன்னிலையில்

"போட்டோ சரி, டாக்டர் முத்திரையும் சரி. ஆனா இந்த வீட்டுல நீங்கதான் குடியிருக்கீங்கன்னு என்ன நிச்சயம்?"

நீச்சல்குளச் செயலாளர் மின்கட்டண ரசீதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"சந்தேகம்னா நேர்ல வந்து பாருங்க சார். கதவைத் தட்டினா நான்தான் திறப்பேன்" என்றாள் அவள்.

அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். எதிரே லாரியே வந்தாலும் பின்னுக்கு எடுத்துப் பழக்கமில்லை. இந்த அலுவலகத்துக்கு இன்று மூன்றாவது முறையாக வந்திருக்கிறாள். முதல் முறை போட்டோ அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்பினார். இரண்டாவது முறை டாக்டர் சான்றிதழில் முத்திரை இல்லை. இன்று கடைசி நாள். ஆறு மணிக்குப் பட்டியலை மூடிவிட்டால் அடுத்த வருஷம்தான் குடும்ப பாஸ். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நாற்பது.

பின்னால் பெஞ்சில் துண்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார் ஒரு பெரியவர். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். நாலு தெரு தள்ளியிருந்து பாஸ் புதுப்பிக்க வந்தவர், முக்கால் மணி நேரமாகக் காத்திருக்கிறார்.

"சார், அந்தம்மா பாவம் சார். யாருக்காகக் கேக்கறாங்க?"

"என் பொண்ணுக்குங்க. ஒன்பது வயசு. சைக்கிள்ல இருந்து விழுந்து கால் முறிஞ்சுபோச்சு. கட்டுப் பிரிச்சாச்சு, ஆனா சாய்ஞ்சு சாய்ஞ்சு நடக்கறா. மூணு மாசம் தண்ணிக்குள்ள நடக்கவிட்டா சரியாயிடும், விட்டுட்டா அப்படியே நின்னுடும்னு டாக்டர் சொல்லிட்டார். படி ஏறும்போது அவ யாரும் பாக்கறாங்களான்னு திரும்பித் திரும்பிப் பாக்கறா. அதை என்னால தாங்க முடியல."

செயலாளர் டாக்டர் சான்றிதழை எடுத்து மறுபடி படித்தார். நாலே வரிதான். ஆனாலும் நிறைய நேரம் படித்தார்.

"கேட்டீங்களா சார்? உங்க வீட்டுப் பொண்ணா இருந்தா இப்படி ரசீதைத் திருப்பித் திருப்பிப் பாப்பீங்களா?" என்றார் பெரியவர்.

"என் வீட்டுப் பொண்ணா இருந்தாலும் இப்படித்தான் பாப்பேன்" என்றார் செயலாளர், தலை நிமிராமல்.

அவர் பொறுப்புக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. முந்தைய செயலாளர் மச்சான், சகலை, சம்பந்தி என்று சொந்தபந்தத்தையெல்லாம் குளத்தில் இறக்கி, கடைசியில் உறுப்பினர்களுக்குக் கால் நனைக்க இடமில்லாமல் செய்துவிட்டார். பாஸ் வாங்கியவர்களில் பாதிப் பேர் கையெழுத்தை அவரே போட்டிருந்தார். கூட்டம் கூட்டி அவரை இறக்கிய கையோடு, யாரும் ஒரு குறை சொல்லக் கூடாது என்று புதியவர் தன் கைப்பட விதி எழுதி ஒட்டினார். அதில் ஏழாவது விதியில்தான் இப்போது அவர் விரல் போய் நின்றது.

"தாயும் தகப்பனும் செயலாளர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். நீங்க போட்டாச்சு. கணவர் கையெழுத்து எங்கே?"

"அவர் வேலை முடிஞ்சு கிளம்பறதே ஆறு மணிக்குத்தான் சார்."

"ஆறு மணிக்கு நான் மூடிடுவேன். ஒரு நாள் லீவு போடச் சொல்லியிருக்கலாமே?"

"ரொம்பக் கறாரான ஆளு. லீவெல்லாம் போடமாட்டார்."

பெரியவருக்குப் பொறுக்கவில்லை. "என்ன மனுஷன்மா அவன்! பெத்த பொண்ணோட காலை விட அப்படி என்ன பெரிய உத்தியோகம்? கலெக்டரா?"

"தன்னை அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருக்காருங்க."

செயலாளருக்குத் திடீரென்று இருமல் வந்தது. தண்ணீர் குடித்தார்.

"இந்தாங்க, நான் ஜாமீன் கையெழுத்துப் போடறேன். பாஸைக் குடுத்துடுங்க" என்று பெரியவர் எழுந்தே வந்துவிட்டார்.

"தகப்பன் கையெழுத்தை நீங்க போட முடியாதுங்க. இன்னிக்கு இவங்களுக்கு விட்டுக்கொடுத்தா, நாளைக்கே ஊர் என்ன பேசும்னு உங்களுக்குத் தெரியாது."

மணி ஐந்து ஐம்பத்தைந்து. ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒரு குழந்தை தண்ணீரில் குதித்துச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவள் ஒரு நிமிஷம் அதையே கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"சார், ஒண்ணே ஒண்ணு தெளிவாச் சொல்லிடுங்க. அந்தக் கையெழுத்து ஒண்ணுதானே பாக்கி? வேற குறை இல்லையே?"

"இல்லை."

"இங்கேயே, உங்க முன்னாடி போடணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"பெரியவரே, நீங்க சாட்சி" என்றவள், விண்ணப்பத்தை மேஜைமேல் செயலாளர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். பேனாவின் மூடியைக் கழற்றி அவர் கையில் திணித்தாள்.

"போடுங்க. வீட்டுல நாலு நாளா நீட்டினப்ப, 'ஆபீஸ் விஷயத்தை ஆபீஸ்ல வந்து பேசு'ன்னீங்களே, வந்துட்டேன்."

செயலாளர், வாயைப் பிளந்து நின்ற பெரியவரை ஒரு முறை பார்த்துவிட்டு, 'கணவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். அது தன் முன்னிலையில்தான் போடப்பட்டது என்று அதற்குக் கீழேயும் ஒரு கையெழுத்துப் போட்டார்.