சூடான குதிரை

குதிரையின் கழுத்தில் கை வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, விற்கிறவர் சரியான ஃபிராடு.

கழுத்தெல்லாம் வியர்வை.

எனக்குக் குதிரையைப் பற்றி என்ன தெரியும் என்கிறீர்களா? ஒன்றும் தெரியாது. ஆனால் நான் பழைய கார் வாங்கி விற்கிறவன். எந்தக் காரைப் பார்க்கப் போனாலும் முதலில் பானெட்டைத்தான் தொட்டுப் பார்ப்பேன். சூடாக இருந்தால், லேசில் ஸ்டார்ட் ஆகாத வண்டியை நான் வருவதற்குள் ஓட்டித் தயாராக வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நானும் அப்படித்தான் விற்கிறேன் என்பதால் என்னை ஏமாற்ற முடியாது.

"என்ன சார், நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிட்டீங்க போலிருக்கு?"

குதிரைக்காரர் என் மகளைப் பார்த்தார். அவள் இவருடைய லாயத்தில்தான் குதிரையேற்றம் பழகுகிறாள். இந்தச் செவலைக் குதிரை என்றால் அவளுக்கு உயிர். நாளைக்கு வேறொருவர் விலை பேச வருகிறார் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

"கொஞ்சம் ஓடவிட்டேன் சார்," என்றார்.

"கொஞ்சமா? எப்படி மூச்சு வாங்குது பாருங்க. எதை மறைக்கிறீங்க? நொண்டுதா?"

"நொண்டாது சார். காலைத் தூக்கிப் பாருங்க."

பார்த்தேன். டயரைத் தட்டுவதுபோல் நாலு குளம்பையும் தட்டினேன். பல்லைப் பார்த்தேன், இருந்தது. அதற்குமேல் எதைப் பார்ப்பது என்று தெரியாததால், "ம்ம்..." என்றேன்.

அப்புறம் ஏறினேன். மூன்றாவது முயற்சியில்.

செவலை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒரு சுற்று நடந்தது. குதிகாலால் தட்டினால் காதை மட்டும் ஆட்டியது.

இறங்கியதும் தீர்ப்பு சொல்லிவிட்டேன், லாயம் முழுக்கக் கேட்கிற மாதிரி.

"இதை விரட்டி விரட்டிக் களைப்பாக்கி, சாதுன்னு சொல்லி என் தலையில கட்டப் பாக்கறீங்க! நேர்மையா தொழில் பண்ணுங்க சார்!"

பழக வந்திருந்த பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

குதிரைக்காரர் முகம் சுண்டிப்போயிற்று. ஏதோ சொல்ல வாயெடுத்தவர், மென்று விழுங்கினார். "தப்புதான் சார்," என்றார்.

"பாத்தியா? அவரே ஒத்துக்கிட்டாரு. இந்தக் குதிரை நமக்கு வேண்டாம், வா."

மகள் நகரவில்லை. கண் கலங்கியிருந்தது.

"அவரைத் திட்டாதீங்கப்பா. நான்தான் காலையில போன் பண்ணி, நீங்க வர்றதுக்குள்ள அதை நல்லா ஓடவிடச் சொன்னேன். உங்ககிட்ட சொல்லிடாதீங்கன்னும் கெஞ்சினேன்."

"நீயா? எதுக்குடி?"

அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படிச் சொன்னாள்.

"நானே ஏறிப் பாத்துட்டுத்தான் வாங்குவேன்னு ஒத்தக்கால்ல நின்னீங்களே. இது ரொம்பத் துள்ளும்ப்பா. இத்தனை பேர் முன்னாடி நீங்க விழுந்து அசிங்கப்படக் கூடாதுன்னுதான்..."