குளிராத திவானியா

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது. குவைத்தில் திவானியா என்பது ஆண்கள் மாலைதோறும் கூடிப் பேசும் விருந்தறை. அங்கே விருந்தினருக்கு வியர்த்தால் அவமானம் வீட்டுக்காரருக்கு. 'கஞ்சன்' என்ற பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால், அது அவருடைய பேரன் கல்யாணத்திலும் பேசப்படும்.

அந்தப் பெயர்தான் அந்த ஆகஸ்டில் அபூ மிஷாரியை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் திவானியாவில் ஏசி ஓடியது, அறை குளிரவில்லை.

"காபி ஆறிடுமேன்னு கவலையே வேணாம்," என்றார் அபூ பர்ராக். அந்தத் தெருவிலேயே நீளமான நாக்கு அவருடையது. "இந்த ரூம்ல அது தானா கொதிக்குது."

"பதினெட்டுலதான்யா வெச்சிருக்கேன்." அபூ மிஷாரி ரிமோட்டை எடுத்துக் காட்டினார். ஏசியில் எண் காட்டும் விளக்கு எப்போதோ அவிந்துவிட்டது.

"ரிமோட்ல குளிருது. எங்களுக்கு இல்ல."

ஆளுக்கொரு நோய் கண்டுபிடித்தார்கள்.

"கேஸ் போயிருக்கும்."

"புழுதிக்காத்துல ஃபில்டர் அடைச்சிருக்கும்ப்பா."

குறையே சொல்லாதவர் அபூ ஷம்லான் மட்டும். இதய அறுவைக்குப் பிறகு அவருக்குப் பேச்சே குறைந்துவிட்டது.

"எனக்கு ஒண்ணும் தெரியல. நல்லாத்தானே இருக்கு."

"பாவம், மரியாதைக்குச் சொல்றார்," என்ற அபூ பர்ராக் பெரிதாக ஒரு தும்மல் போட்டார். புழுதி அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை.

மறுநாள் காலை மெக்கானிக் ஸப்ரி வந்தார். ஃபில்டரைக் கழுவினார், கேஸை அளந்தார், வெளி யூனிட்டின் தூசியைத் தண்ணீர் பாய்ச்சி நீக்கினார். அறை பனிக்கட்டியானது.

மாலையில் மீண்டும் வியர்த்தது.

ஸப்ரி மறுபடி வந்து சென்சாரையும் மாற்றினார். "இதுக்கு மேலயும் குளிரலைன்னா, குறை ஏசில இல்ல ஐயா. உங்க விருந்தாளிங்க ரொம்பச் சூடான ஆளுங்க."

அன்று மாலையும் வியர்த்தது.

"பேசாம எதிர்வீட்டுத் திவானியாவுக்குப் போயிடலாமா?" என்றார் ஒருவர்.

"அங்க காபி கேவலம்," என்றார் அபூ பர்ராக். "கரண்ட் தண்ணி விலைக்குக் கிடைக்கிற ஊர்ல அதையும் மிச்சம் பிடிக்கிறவன் நம்ம அபூ மிஷாரி. ஆனா காபி போடத் தெரிஞ்ச கஞ்சன்."

அபூ மிஷாரியின் முகம் சுருங்கியது. வெளி யூனிட்டைத் தாமே பார்ப்போம் என்று எழுந்து பின்புறம் சென்றார். அது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து ஜன்னல் வழியே உள்ளே பார்த்தார்.

அபூ பர்ராக் தும்மினார். தும்மலோடு அவருடைய கை அங்கிப் பையிலிருந்து பாதி வெளியே வந்தது. கையில் ஒரு ரிமோட். எந்த ஏசிக்கும் பொருந்தும் என்று சந்தையில் விற்கிறார்களே, அது. ஏசியின் 'பீப்' ஒலி தும்மலில் கரைந்தது. அபூ மிஷாரியின் அருகே ஓடிக்கொண்டிருந்த யூனிட் நின்றது; உள்ளே ஏசியின் விசிறி மட்டும், குளிரில்லாமல், ஓடிக்கொண்டிருந்தது.

கோபம் தலைக்கேற, கதவை நோக்கித் திரும்பியவர் மறுபடி பார்த்தார். அபூ பர்ராக்கை ஒட்டி அமர்ந்திருந்தார் அபூ ஷம்லான். அதுவரை காபிக் கிண்ணத்தை இரு கைகளாலும் பொத்திக்கொண்டிருந்தவர், சற்று நேரத்தில் அதைக் கீழே வைத்தார். விரல்களின் நடுக்கம் அடங்கியிருந்தது.

சென்ற ஆண்டு அபூ ஷம்லான் தம் தம்பியின் திவானியாவை விட்டு வந்த காரணம் அபூ மிஷாரிக்கு நினைவுக்கு வந்தது. இவருக்குக் குளிர்கிறது என்று அங்கே ஒருநாள் ஏசியை நிறுத்தினார்கள். "என் ஒருத்தனுக்காக இத்தனை பேர் வேர்க்கணுமா?" என்று எழுந்தவர், திரும்பப் போகவே இல்லை.

அபூ மிஷாரி உள்ளே வந்தார்.

"என்ன சொல்லுது யூனிட்டு?" என்றார் அபூ பர்ராக்.

"யூனிட் மேல தப்பில்ல. கரண்டை மிச்சம் பிடிக்க நான்தான் குளிரைக் குறைச்சு வெச்சேன். கஞ்சன்னு சொன்னியே, சரிதான்."

அபூ பர்ராக்கின் வாய் திறந்து, ஒரு சொல்லும் வராமல் மூடியது. தெருவார் அறிய அதுவே முதல் முறை.

பிறகு முடிவான செய்திகள்: ஏசியில் கோளாறு இல்லை. ஸப்ரி மட்டும் இன்னும் சென்சாரைச் சந்தேகிக்கிறார். எவரும் எதிர்வீட்டுக்குப் போகவில்லை. காபிதான் காரணம் என்கிறார்கள். 'கஞ்சன்' என்ற பெயர் அபூ மிஷாரிக்கு நிலைத்துவிட்டது. அபூ ஷம்லான் ஒரு மாலையும் தவறவில்லை. செப்டம்பரில் ஒருநாள், அபூ பர்ராக் எத்தனை முறை தும்மியும் அறை குளிர்ந்துகொண்டே இருந்தது. அன்று அவர் புறப்பட்டபோது, வாசலில் கழற்றிவிட்டிருந்த அவருடைய செருப்பின்மேல் புதிய பேட்டரிகள் இரண்டு இருந்தன.