பொய் சொல்லாத சிப்

"எவனாவது புரோகிராமை மாத்தி சைரனை ஊத வெச்சா, ஷாதிபூர் மொத்தமும் மேட்டுக்கு ஓடும்மா!" என்றார் அதிகாரி சொக்கலிங்கம்.

அந்தத் தீவின் கரையில் மாட்டவேண்டிய சுனாமி எச்சரிக்கைப் பெட்டியோடு வந்திருந்த அகிலாவுக்கு இன்றே அவருடைய கையெழுத்து வேண்டும். தவறினால், நாளை அந்த ஆர்டர் சென்னைக் கம்பெனிக்குப் போய்விடும்.

"ஓடாது சார். கரண்ட் வந்ததும் பூட்லோடர்ங்கிற குட்டி புரோகிராம்தான் முதல்ல முழிக்கும். நான் எழுதின டிரைவர்ங்கிற இணைப்பு புரோகிராம் வழியா, 'அடுத்து ஓடப்போறது நம்ம புரோகிராம்தானா?'ன்னு பாதுகாப்பு சிப்பைக் கேட்கும். சிப் 'ஆமாம்'னு சொன்னாத்தான் பெட்டி வேலை செய்யும்."

சொக்கலிங்கம் புரோகிராமில் ஒரே ஓர் எழுத்தை மாற்றிப் பார்த்தார். பெட்டி எழவில்லை. ஒரு கமாவை மட்டும் எடுத்துப் பார்த்தார். அப்போதும் எழவில்லை.

"ஷாபாஷ்! பஹுத் படியா!" என்று பாராட்டிக் கையெழுத்துப் போட்டார். "சரியான புரோகிராமையும் ஒரு தடவை ஓட்டிக் காட்டேன்."

"அதை மாட்டும்போதே காட்டுறேன் சார்," என்று அகிலா அவசரமாகப் பெட்டியை மூடினாள்.

வெளியே வந்ததும் தொழில் கூட்டாளி பிரவீன்குமாருக்குப் போன் போட்டாள்.

"ஆர்டர் கிடைச்சிடுச்சு! கப்பல் வந்துச்சா?"

"ரெண்டு நாளாகுமாம். சிப்பே இல்லாம எப்படிக் காட்டினே?"

"பதில் வரலைன்னா 'இல்லை'ன்னு எடுத்துக்கச் சொல்லி டிரைவர்ல எழுதியிருக்கேனே! 'ஆமாம்' சொல்றதுக்குத்தான் சிப் வேணும். கப்பல் வந்ததும் ஓடிப்போய் வாங்கிட்டு வா!"