பேஸ்மென்ட்டில் ஒரு படகு இன்ஜின்

மழை விடுவதாக இல்லை. படகு இன்ஜினை பேஸ்மென்ட்டிலேயே ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றார் அபார்ட்மென்ட் செயலாளர் ரோஹன். சொல்லிவிட்டு லிஃப்ட்டில் ஏறிப் போய்விட்டார்.

மெக்கானிக் டென்சிலுக்கு மனமில்லை.

கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி வீட்டில் பிறந்தவன். மூடிய இடத்துக் காற்று ஆளைக் கொல்லும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் கார் இறங்கும் சரிவின் உச்சியில் ஷட்டர் முழுதாகத் திறந்திருந்தது. வேலையும் பத்து நிமிடம்தான்.

பொம்மனஹள்ளியில் அந்த அபார்ட்மென்ட்டுக்குள் மூன்று வருடத்துக்கு முன் இடுப்பளவு வெள்ளம் வந்தது. அதன்பிறகு எல்லா வீட்டுக்காரர்களும் சேர்ந்து ஒரு ரப்பர் படகும் இன்ஜினும் வாங்கினார்கள். வருடத்துக்கு ஒருமுறை டென்சில் வந்து அதைத் தரையில் வைத்துக் கழுவி ஓட்டிப் பார்ப்பான்.

இன்ஜினை மரச்சட்டத்தில் மாட்டினான். படகைத் தள்ளும் விசிறியைக் கழற்றி வைத்தான். தண்ணீர் உறிஞ்சும் துளைகளை இரண்டு ரப்பர் கிண்ணங்களால் கவ்வவிட்டு, ஹோஸைச் செருகிக் குழாயைத் திறந்தான்.

கயிற்றை நான்காவது முறை இழுத்தபோது இன்ஜின் பிடித்துக்கொண்டது.

சத்தம் தூண்களில் மோதித் திரும்பியது. இன்ஜினின் பக்கவாட்டுத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. போன வருடம் அவன் கழுவிவிட்டுப் போன பிறகு வீட்டுக்காரர்கள் ஏரியில் ஓட்டியபோது ஏறிய சேறு முழுதும் அதில் இருந்தது. தெளியட்டும் என்று நின்றான்.

பத்து நிமிடம் அரைமணியானது.

தலை கனத்தது. மதியம் சாப்பிடாததால் இருக்கும் என்று நினைத்தான்.

தண்ணீர் தெளிந்தபோது அவனுக்குக் கால் நிற்கவில்லை. டியூப்லைட்டைச் சுற்றிப் புகை அசையாமல் நின்றது.

சரிவைத் திரும்பிப் பார்த்தான். வெளிச்சம் இல்லை. ஷட்டர் தரைவரை இறங்கியிருந்தது. இன்ஜின் சத்தத்தில் அது இறங்கியது காதில் விழவே இல்லை.

இன்ஜினை அணைத்தான். சுவரைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறினான். ஷட்டரை முழங்கால் அளவு தூக்கி, அடியில் ஊர்ந்து வெளியே வந்து மழையில் உட்கார்ந்தான். வாந்தி எடுத்தான். பிறகுதான் மூச்சு சீராக வந்தது. தப்பித்தோம் என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டான்.

வாட்ச்மேன் உத்தமன் குடையோடு ஓடிவந்தான்.

"ஷட்டர யாரு மூடுனது?"

"நான்தாண்ணா. ரோட்டுத் தண்ணி எறங்க ஆரம்பிச்சுது. எங்க ரூமுக்குள்ள பூந்துடும்னு இழுத்து வுட்டேன்."

"எந்த ரூமு?"

"கீழதாண்ணா, தண்ணித் தொட்டி பக்கத்துல. வீட்டுக்காரி நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து காலைலருந்து படுத்துனு இருக்கா."

டென்சில் எழுந்தான். தடுமாறி விழுந்தான். மறுபடி எழுந்து, ஷட்டரை மேல்வரை தள்ளிவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு சரிவில் ஓடினான்.

தொட்டிக்குப் பக்கத்துக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. இரண்டு கையாலும் அடித்தான்.

பின்னாலேயே வந்த உத்தமன் சங்கடமாகச் சிரித்தான்.

"பாவம், தூங்கட்டும்ணா. அவ்ளோ சத்தத்துக்கே எழுந்துக்கல அவ."