கீரி வாங்கிய கருவி

புதுக் கார் வாங்கிய கீரி, வேகத்தைப் பிடிக்கும் கேமரா எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லும் கருவி ஒன்றைத் தேடி ஓணான் கடைக்குப் போனது.

ஓணான் இரண்டை எடுத்து வைத்தது. "இது பள்ளிக்கூடம், வளைவு, வேகத்தடை எல்லாத்துக்கும் கத்தும். அது கேமரா இருந்தா மட்டும்தான் வாயைத் திறக்கும்."

"வளைவு எனக்கே தெரியும் அண்ணாச்சி. அபராதம்தான் தெரியாம வருது. அதையே குடுங்க."

ஓணான் தலையை ஆட்டிக்கொண்டே எடுத்துக் கொடுத்தது.

கருவி சொன்ன சொல் தவறவில்லை. "முன்னாடி கேமரா" என்றால் கீரி நல்ல பிள்ளையாக ஊர்ந்தது. தாண்டியதும் பறந்தது.

ஒரு நாள் மாலை வீட்டுப் பக்கம் திரும்பும்போது, "இங்கே கேமரா உண்டா?" என்று கீரி கருவியிடம் கேட்டது.

"இல்லீங்க. தாராளமாப் போங்க."

கீரி ஆக்சிலரேட்டரை மிதித்தது. மூங்கில் புதரை ஒட்டிய வளைவில் கார் சீறித் திரும்பியதும், நடுச்சாலையில் புத்தகப் பையோடு கீரியின் குட்டி நின்றது.

கீரி பிரேக்கின் மேல் ஏறியே நின்றுவிட்டது. டயர் அலறியது. குட்டியின் கையிலிருந்த சாப்பாட்டு டப்பா உருண்டு காருக்கு அடியில் போய் நசுங்கியது. பம்பர் குட்டியின் மீசையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

குட்டி அசையாமல், கண்ணாடி வழியாக அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பயப்படாதீங்க சார்," என்றது கருவி. "நம்ம வேகத்தை யாரும் பார்க்கலை."